புன்னைவிளைப் பெயர்க்கல்

மயிலாடிக்காரர்களுக்குக் கல் என்றால் மண் மாதிரி. பட்டறை வாசலில் முகம் செதுக்காத சாமிகள் கிடக்கும். ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்று வேப்பிலை தின்னும். சாமியைச் செதுக்கி அனுப்பிய பிறகு தரையில் மிஞ்சுகிற சில்லுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சொர்ணம்மாள் அதைத்தான் ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"சாமியை அனுப்பிட்டு குப்பையை வீட்டுல சேக்கிற ஒரே பெம்பிள நீதான்" என்பான் ஐயப்பன். அவள் புருஷன். கடைத்தெருவில் வெற்றிலையும் கயிறும் விற்கிறவன்.

"சோறு வச்சாச்சு. தின்னுட்டுப் பேசுங்க" என்பாள்.

சுதந்திரம் வந்த வருஷம் கண்வலிக்கு மருந்து வாங்க நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனதில் தொடங்கியது இது. அந்த வீட்டில் மொசைக் தரை. கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகச் சில்லுகள், ஒன்றோடொன்று ஒட்டி, தேய்த்து மினுக்கியது. காத்திருந்த கூட்டம் டாக்டரின் கதவைப் பார்த்தது. அவள் மட்டும் வீங்கிய கண்ணோடு குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் கிடக்கிற கல் சுவரில் ஏறாதா என்று வழியெல்லாம் யோசித்தாள். மருந்துச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சிமிண்டு கிடைக்காத காலம். அவள் சிப்பிச் சுண்ணாம்பை எடுத்தாள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு ஆட்டுரலில் அரைத்தாள். ஊரில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற கலவைதான் அது. பலகையில் சட்டம் அடித்து, கலவையை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்தாள்.

தங்கை தாணம்மாளை மண்டைக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. கடல் சத்தம் கேட்கிற வீடு. அதைப் புதுக்கி ஓடு போட்டபோது சொர்ணம்மாள் முதல் பெயர்க்கல்லைச் செய்தாள். கருங்கல் சில்லில் எழுத்து. சுற்றிலும் வெள்ளைச் சிப்பி. ஓரத்துக்கு உடைந்த ஓட்டின் சிவப்பு. 'புன்னைவிளை' என்று வீட்டுப் பேர்; புன்னைத் தோப்பு என்று பொருள். தங்கை இருக்கிற ஊரின் மண்ணிலேயே இருக்கட்டும் என்று மண்டைக்காட்டுக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து கலவையில் சேர்த்தாள். அது ஒரு ஆசை.

மறு வருஷம் அம்மன் கோவில் மாசிக்கொடைத் திருவிழாவுக்குப் போனாள். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தாள். வாசல் சுவரில் ஒன்றும் இல்லை.

"அது... மழைக்கு எடுத்து உள்ள வச்சிருக்கு அக்கா" என்றாள் தாணம்மாள். மழை போய் மாதங்கள் ஆகிவிட்டன.

கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவள் அங்கே கண்டாள். கல் குப்புறக் கிடந்தது. அதன்மேல் யாரோ துணி துவைத்திருந்தார்கள். புரட்டிப் பார்த்தாள். முதல் மூன்று எழுத்தும் உதிர்ந்து போயிருந்தன. 'விளை' மட்டும் பாக்கி.

தாணம்மாளின் மாமியார் பிச்சம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"இடவப்பாதி மழைக்காத்துல புன்னை மரம் சாஞ்சிட்டுட்டீ சொர்ணம். வெறும் விளைதான் மிச்சம். போறவன் வாறவன் எல்லாம் மரம் எங்கேன்னு கேக்கான்."

தாணம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். இத்தனை மாதமாக இந்தப் பேச்சை அவள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது சொர்ணம்மாளுக்கு அப்போது புரிந்தது. கல் போனதைவிட அது சுட்டது.

"ஆவணியில எனக்க கொளச்சல் மருமவன் இந்த வீட்டுக்கு மயிலாடியில கல்லு சொல்லப் போறான். உளியால வெட்டின எழுத்து. ஒனக்க ஊருல உள்ளதுதான். ஒனக்கு மட்டும் அது தெரியாமப் போச்சு" என்றாள் பிச்சம்மாள்.

சொர்ணம்மாள் கல்லின் ஓரத்தைப் பிடித்துப் பெயர்த்தாள். கையில் இருந்த கலவைத் துண்டு பொரிமாவாக உதிர்ந்தது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

இன்னொரு முறை நக்கினாள். உப்புதான். ஆசைப்பட்டு அள்ளிய கடல் மணல் கலவையை உள்ளே இருந்து தின்றிருக்கிறது. சிப்பியையும் அவள் அலசியதில்லை.

"என்னட்டி, சுண்ணாம்பைத் தின்னுதியா? வெத்தில வேணுமா?"

"அத்தை, ஆவணி வரைக்கும் பொறுங்க. நான் வேற ஒண்ணு கொண்டு வாறேன்."

"இனி ஒனக்க பொட்டும் பொடியும் எனக்க சுவத்துல ஏறாது பிள்ளே."

"சுவத்துல வைக்காண்டாம். முத்தத்துல போடுங்க. மழையில, வெயில்ல, கடக்காத்துல கெடக்கட்டும். ஒரு சில்லு உதுந்தாலும் மயிலாடியில இருந்து வெட்டுக்கல்லு நானே தலையில சொமந்து கொண்டு வந்து தாறேன்."

"உதுராம நின்னா?"

"நின்னா தாணத்தை இதைச் சொல்லி ஒரு வார்த்தை பேசப்பிடாது. நீங்களும், ஒங்க மருமவனும்."

பிச்சம்மாளுக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். "சரி" என்றாள்.

பழையாற்று மணலைச் சலித்து, கிணற்றுத் தண்ணீரில் அலசினாள் சொர்ணம்மாள். அலசியதும் நாக்கில் வைப்பாள். சிப்பிகளைப் பானையில் ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி, அவற்றையும் நக்கிப் பார்த்தாள். ஐயப்பன் கடைக்கு வருகிறவர்களிடம், "வீட்டுல சோத்துக்கு உப்பு பாக்க ஆளில்லே, மண்ணுக்குப் பாக்கா" என்று சொல்லிச் சிரித்தான். ஆனால் ஆட்டுரலில் கலவை ஆட்டக் கை கொடுத்தது அவன்தான். காய்கிற வரை ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தாள். அவசரப்படவில்லை.

சித்திரையில் இரண்டு பேரும் கல்லைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். "சவம் மாதிரி கனக்கே, உள்ள என்ன ஓய்?" என்றான் கண்டக்டர். "எனக்க பெஞ்சாதிக்க மானம்" என்றான் ஐயப்பன்.

பிச்சம்மாள் சொன்னபடியே கல்லை முற்றத்தில், கடலைப் பார்த்துப் போட்டாள். ஓடு வடிகிற இடத்துக்கு நேராக, வேண்டுமென்றே.

அந்த வருஷம் இடவப்பாதி வெறி பிடித்துப் பெய்தது. மயிலாடியில் ஓட்டின்மேல் மழை விழும்போதெல்லாம் சொர்ணம்மாள் எழுந்து வாசலில் போய் நின்று பார்த்தாள். தங்கையிடமிருந்து தகவல் இல்லை. வடசேரிச் சந்தையில் மண்டைக்காட்டு ஆட்களைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோற்றால் கல் சுமப்பது பெரிதில்லை. தாணம் அந்த வீட்டில் இன்னும் இருந்தாக வேண்டும்.

ஆவணி பிறந்ததும் போனாள்.

முற்றத்தில் கல் கிடந்தது. மேலே பாசி. பிச்சம்மாள் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"வா. ஒன்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எல்லாருக்கும் முன்னால் கத்தி முனையை ஒரு சிப்பியின் ஓரத்தில் செருகி நெம்பினாள். வரவில்லை. கறுப்புச் சில்லை நெம்பினாள். ஓரத்துச் சிவப்பை நெம்பினாள். மூச்சு வாங்கியது. பிறகு வெறி வந்தவள் போல ஒரு குத்து. கத்தி முனை டக்கென்று ஒடிந்து கோழிகளுக்கு நடுவே போய் விழுந்தது.

தாணம்மாள் சிரித்துவிட்டாள். மாமியார் எதிரில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுவே முதல் தடவை.

பிச்சம்மாள் ஒடிந்த கத்தியைப் பார்த்தாள். முந்தானையால் பாசியைத் துடைத்தாள். 'புன்னைவிளை' பளிச்சென்று வெளியே வந்தது, மழை கழுவிய கறுப்பும் வெள்ளையுமாக.

"ஏலே, அந்தக் கொத்தனைக் கூப்பிடுங்கலே" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "வாசல் நெலைக்கு மேல வைக்கணும். ரோட்டுல நின்னா தெரியணும்."

கொத்தன் வந்து சுவரைக் கொத்தத் தொடங்கியதும் பிச்சம்மாள் சொர்ணம்மாளைத் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"எனக்க மவ கொளச்சல்ல வீடு கெட்டுகா. ஒண்ணு செஞ்சு தருவியா? கூலி என்ன வேணும்?"

"கூலிக்கு நான் செய்யமாட்டேன் அத்தை. எனக்கு வேண்டப்பட்டவங்களுக்குச் சும்மா செஞ்சு குடுப்பேன். அவ்வளவுதான்."

பிச்சம்மாளின் முகம் சுருங்கியது. இப்படி ஒரு விலையை அவள் எதிர்பார்க்கவில்லை. வாசலில் தாணம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் கொஞ்சம் தூக்கு என்று கொத்தனை அதட்டிக்கொண்டிருந்தாள். பிச்சம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏட்டி தாணம்" என்று கூப்பிட்டாள். "வெயில்ல நிக்காதே மக்கா. ஏணியை நான் பிடிக்கேன். ஒனக்க அக்காவுக்குச் சாயா போடு."

போய்ப் பிடிக்கவும் செய்தாள்.

சொர்ணம்மாள் சாயாவை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு ஏணியடிக்கு வந்து கேட்டாள்.

"கொளச்சல் வீட்டுக்கு என்ன பேரு அத்தை?"