பஜனை மன்றத்தில் வேலைவாய்ப்புப் பயிற்சி

பஜனை நடத்துவது எளிது. ஆண்டவன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அதே மன்றத்தில் பிள்ளைகளுக்கு மாலைப் பயிற்சி நடத்துவது எத்தகைய தவம் என்பதை, என்னைப் போல் சங்கம் நடத்தி நொந்த அன்பர்களே அறிவர். ஆவடி சேக்காட்டில் எங்கள் மன்றத்துக்கு நான் செயலர். படிப்பு பாதியில் நின்ற ஏழைப் பிள்ளைகளுக்குக் கணினியும் நேர்காணல் பழக்கமும் கற்பிக்கிறோம்.

முதலில் துதி

விநாயகர் துதியில் தொடங்கி மங்களம் பாடிய பின்பே கணினியைத் தொடலாம் என்பது எங்கள் மரபு. ஒருநாள் மனமுருகிப் பாடிக் கண் திறந்தபோது, எதிரே திவ்யா மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் தாய் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறாள். மகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள்.

“மற்றவர்கள் எங்கேயம்மா?” என்றேன்.

“வெள்ளானூர் பஸ்ஸு வந்துடுச்சி ஐயா. நீங்க கண்ண மூடிகினு இருந்தீங்களா, எதுக்கு எழுப்பணும்னு பூட்டாங்க.”

குறிக்கோள்

எங்களைப் போன்ற சமயச் சங்கங்களை வலுப்படுத்தும் அறக்கட்டளை ஒன்றுதான் கணினிகளைத் தந்திருந்தது. அதன் பயிற்றுநராக ஓர் இளம்பெண் வந்தார். தை பிறப்பதற்குள் ஒருவருக்காவது வேலை கிடைக்காவிடில் கணினிகள் வேறு சங்கத்துக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். பிறகு பெரிய தாளொன்றைச் சுவரில் ஒட்டி, மன்றத்தின் இறுதிக் குறிக்கோள் யாது என்று வினவினார்.

எங்கள் தலைவர் சற்றும் தயங்காமல், “முக்தி” என்றார்.

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டு பணிவாகக் கேட்டார்: “சரிங்க சார், மூணு வருஷத்துல முடிச்சிடலாமா?”

பணிவு

திவ்யாவை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நேர்காணலுக்கு அனுப்பினோம். அவளுக்குப் பயிற்சி அளித்தவன் அடியேன். தற்பெருமை பேசலாகாது, என்ன சாதித்தாய் என்று கேட்டால், ‘எல்லாம் அவன் செயல்’ என்று கைகூப்ப வேண்டும் என்று கற்பித்திருந்தேன். குழந்தை அதில் ஒரு சொல்லும் பிசகவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து, அதிகாரி சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்: “அப்ப நாளைக்கு அவரையே வரச் சொல்லும்மா.”

மேரி டீச்சர்

மார்கழி பிறந்துவிட்டது. வேறு வழியின்றி, அடுத்த தெருத் தேவாலயத்தில் இதே தொண்டு செய்துவரும் மேரி டீச்சரிடம் போய் நின்றோம். அவர் எங்கள் மன்றத்துக்கே வந்து, ‘நான் செய்தேன், என்னால் முடியும்’ என்று பிள்ளைகளை உரக்கச் சொல்லவைத்தார். எங்கள் தலைவர் காதைப் பொத்திக்கொண்டு சந்நிதிப் பக்கம் திரும்பி அமர்ந்தார்.

மார்கழிக் கடைசியில் காட்டுப்பாக்கத்து அலுவலகம் ஒன்றில் திவ்யாவுக்கு மீண்டும் நேர்காணல். அன்று மாலை எங்களில் எவருக்கும் பாட்டில் மனம் செல்லவில்லை. எல்லோர் கண்ணும் வாசலில். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றாள்.

“வேல கெடச்சிடுச்சி ஐயா. எல்லாம் நானேதான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். சாமி கோச்சுக்காதுல்ல?”

‘நான்’ என்பதை விட்டொழிக்க வாழ்நாளெல்லாம் பாடிவந்த நாங்கள், இப்போது செவ்வாய்தோறும் அதைப் பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்றுவித்து வருகிறோம்.