பாதிக் கொப்பில் நின்ற மெஷின்

மரம் அறுக்கிற செயின்சா மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்டாட்டி இல்லாதவர்கள், மரத்தடியில் நின்று உங்களுக்குக் கயிறு பிடிக்கிற ஆள் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்காட்டில் முப்பது வருடமாக மரம் ஏறிக் கொப்பும் கிளையும் கழிக்கிறவன் சொல்கிறேன். சும்மா சொல்லவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணா, எந்த மெஷினுங்க வாங்கறது? லேசாவும் இருக்கோணும், பலமாவும் இருக்கோணும்.” பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி கேட்பார்கள். நான் கம்பெனிப் பெயர் எதுவும் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்வேன். எழுதியே வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணி மிச்சமாகுமே என்று இப்போது எழுதுகிறேன்.

1. சேலத்துக் கடையில்

அதுவரைக்கும் நான் ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். காபித் தோட்டங்களில் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செடிக்கு வெளிச்சம் விழாது. காண்ட்ராக்டரின் மெஷினோ தரையில் கிடக்கிற மரத்தைத் துண்டு போடச் செய்த மெஷின். அதை மரத்தின் மேல் நின்று நாள் முழுக்கப் பிடித்து அறுத்தால், ராத்திரி சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை வராது.

கீழே கயிறு பிடிப்பது என் மனைவி பொன்னி. நான் ஏறி, இடுப்புக் கயிற்றை அடிமரத்தில் சுற்றிக் கட்டி, காலை ஊன்றி நின்றபிறகு அவள் மெஷினை, மேலே கொப்பில் போட்ட சின்னக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துவிடுவாள். பெட்ரோல் தீர்ந்தால் மெஷின் கீழே இறங்கும், மறுபடி ஏறும். செயின் மழுங்கினால் இறங்கும், மறுபடி ஏறும். நான் அதைப் பிடித்திருந்த நேரம் ஒரு பங்கு என்றால் அவள் இழுத்த நேரம் ஒன்றரைப் பங்கு இருக்கும். மேலே இருந்த எனக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். “ஏனுங்க, நாமளே ஒரு மெஷின் வாங்கிப்போடலாமுங்க. சின்னதா, லேசா. காண்ட்ராக்டருக்கு எதுக்குங்க ஒழைக்கோணும்?”

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு துள்ளல். பத்து வருடமாக நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததை அவள் கேட்டுவிட்டாள். அடுத்த வாரமே சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டோம்.

கடைக்காரர் நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது. மூன்று மெஷின்களை மேஜைமேல் வைத்தார். “அண்ணா, இந்தப் பெருசை எடுங்க. செயின் ஓடற பட்டை, பார், இருவது இன்ச்சுங்க. எப்பேர்ப்பட்ட மரமும் வெண்ணெய்தான்” என்றார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆம்பிளைக்குப் பெரிய மெஷினைக் கண்டால் புத்தி மழுங்கிவிடும். செயினுக்காவது அரம் போட்டால் கூர் வரும்.

பொன்னி கேட்டாள். “இது எத்தனை கிலோங்க?”

“சின்னது மூணரைங்கக்கா.”

“பெட்ரோல் ஊத்தியா, ஊத்தாமலா?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஊத்தாமங்க. பார், செயின் எதுவும் சேராதுங்க.”

“அப்ப எல்லாத்தையும் மாட்டி, பெட்ரோலும் செயின் ஆயிலும் ரொப்பிக் காட்டுங்க. வெறுஞ்சட்டியத் தூக்கிப் பாத்துட்டுப் பொங்கப் பானை லேசுன்னு சொல்ல முடியுங்களா?”

அவர் சிரித்துக்கொண்டே ரொப்பினார். அதற்கப்புறம் அவள் செய்ததுதான் இன்றைக்கும் அந்தத் தெருவில் பேச்சு. பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். ஷட்டருக்கு மேலே ஓடிய இரும்புக் குழாயில் போட்டாள். மூன்று மெஷினையும் ஒவ்வொன்றாகக் கட்டி, குழாய் வரைக்கும் இழுத்து, இறக்கி, மறுபடி இழுத்தாள். வாங்க வந்தவர்கள் வழி விட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அக்கா, அறுக்கறது அண்ணன்தானுங்களே?” என்றார் கடைக்காரர்.

“அவரு அறுக்கறாருங்க. மேல அனுப்பறது நானுங்க.”

பன்னிரண்டு இன்ச் பார் போட்ட சின்ன மெஷினை எடுத்தோம். எல்லாம் ரொப்பி நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கடை வாசலில் ஸ்டார்ட் பண்ணினார்கள். மூன்றாவது இழுப்பில் பிடித்து, ஆக்சிலேட்டரை அழுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. பெட்ரோலை வடித்துவிட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியை விட்டு அதை இறக்கவே இல்லை.

2. கிளியூர்ப் பலா

சொந்த மெஷினுக்கு முதல் வேலை கிளியூரில் கிடைத்தது. காளியப்பன் என்று ஒரு விவசாயி. கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. அவர் வீட்டை ஒட்டி ஒரு பெரிய பலா. சித்திரைக் காற்றில் அதன் தடித்த கொப்பு ஒன்று அசைந்துகொடுத்து, காயோடும் கனத்தோடும் கூரைக்குமேல் தாழச் சாய்ந்து நின்றது. இன்னொரு காற்று அடித்தால் கொப்பு வீட்டுக்குள் வந்துவிடும். கூரையோ அந்தப் பொங்கலுக்குத்தான் புதிதாக ஓடு மாற்றிய கூரை.

“கொப்பு போனாப் போவுதுங்க. ஓடு ஒண்ணு நொறுங்கக்கூடாதுங்க. ஊட்டுக்காரி என்னையத் தொலைச்சுருவா” என்றார் காளியப்பன்.

“ஒரு ஓடு நகராதுங்க” என்றேன். சொன்ன தோரணையைக் கேட்டால் மலையிலிருக்கிற சில்வர் ஓக் நிழல் மரம் முழுவதும் நானே நட்டது போல இருந்திருக்கும்.

இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் கிளியூர் முழுக்க எங்களைக் கூப்பிடும். ஓடு நொறுங்கினால் மறுநாளே காண்ட்ராக்டர் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அது எனக்கும் பொன்னிக்கும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் இருந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினோம். தடித்த கயிற்றைக் கொப்பின் நடுவில் கட்டி, மேலே கிளை பிரிகிற கவட்டையில் போட்டு, மறுமுனையைத் தள்ளி நின்ற ஒரு சில்வர் ஓக் அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பொன்னி பிடித்துக்கொண்டாள். கொப்பை அறுத்ததும் அது விழாமல் கயிற்றில் தொங்க வேண்டும். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு முற்றத்தில் இறக்க வேண்டும்.

ஏறுவதற்கு முன்னால் மெஷினைத் தரையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஓடியது. கொஞ்சம் புகை அதிகம், சத்தம் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. புது மெஷின் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது மெஷின் இருக்கும்போது கைரம்பம் எதற்கு என்று அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டுக்கும் சேர்த்து அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேலே போய்ச் சின்னச் சின்ன வாதுகளை, இளங்கிளைகளை, அறுத்தேன். அடடா, என்ன ஓட்டம்! கையில் கனமே தெரியவில்லை. தோள் வலிக்கவில்லை. மேலே நின்றுகொண்டே பாட்டுப் பாடினேன் என்று பொன்னி இப்போதும் சொல்வாள். பாடியிருப்பேன்.

பிறகு பெரிய கொப்பு. முதலில் அடியில் ஒரு வெட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மேலே அறுக்கும்போது பட்டையோடு கிழியாது. அடிவெட்டு கொஞ்சம் போனதும் மெஷின் திணறியது. போதும் என்று விட்டுவிட்டு மேல்வெட்டை ஆரம்பித்தேன். பாதி போனது. மெஷின் ‘ங்ங்ங்’ என்று அழுதது, புகை கக்கியது, நின்றுவிட்டது.

3. “விட்டுட்டு ஓடு!”

சத்தம் அடங்கியதும்தான் இன்னொரு சத்தம் கேட்டது. கொப்பு ‘கிர்ர்’ என்று முனகியது. ஒரு விரல் அளவு இறங்கியது. தடிக்கயிறு விறைத்தது.

ஸ்டார்ட்டரை இழுத்தேன். பிடிக்கவில்லை. சோக்கைப் போட்டு இழுத்தேன், அது இன்னும் மோசம். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. வியர்வை கண்ணில் வழிந்தது.

“கொடுவாளு அனுப்பட்டுங்களா?” என்று காளியப்பன் கீழிருந்து கத்தினார்.

“வேண்டாமுங்க! ஒரு கொத்து அதிர்ந்தாக் கிழிஞ்சுருமுங்க!”

கீழே பார்த்தேன். பொன்னி ஒரு காலை அடிமரத்தில் ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள். காளியப்பன் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் பிடித்தார். அப்படியும் அவள் கால் மண்ணில் வழுக்கியது. கொப்பு முழுதாகக் கிழிந்தால் அந்தக் கயிறு அவளை இழுத்துக்கொண்டு போய் அந்த சில்வர் ஓக்கில் மோதவிட்டுவிடும் என்று தோன்றியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடாவது, பேராவது!

“பொன்னி! விட்டுட்டு ஓடு!”

அவள் விடவில்லை.

“ஓடு போனாப் போவுது புள்ள! வேற ஓடு வாங்கிக் குடுத்துக்கலாம்! விடு!”

“நீங்க மெஷினப் பாருங்க!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். “கடையில எப்படிங்க ஓடுச்சு?”

“சிங்கமாட்ட கத்துச்சு! இங்க வந்து சளி புடிச்சாப்பல இருக்குது!”

“கடை கீழ இருக்குதுங்க! இது மலைங்க! பெட்ரோல் திருகக் கொஞ்சம் உள்ள திருப்புங்க!”

அந்த நொடியில் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. பொன்னி அடிவாரத்துக்காரி. அவள் அண்ணனுக்கு அங்கே பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் பார்க்கிற பட்டறை. கீழே ட்யூன் பண்ணின வண்டி மலைக்கு வந்தால் இழுக்காது. மேலே காற்று மெலிசு, பெட்ரோல் மட்டும் அதே அளவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஊதாத அடுப்பில் விறகை அடுக்கிக்கொண்டே போனால் புகையத்தானே செய்யும்? பைக் ஓட்டுகிற எனக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். மெஷின் கையில் வந்ததும் மறந்துபோனேன். மலையிலேயே இருக்கிறவன் இந்தத் தப்பைச் செய்யலாமா?

நல்லவேளை, மெஷினோடு கொடுத்த ஸ்பேனர் சட்டைப் பையில் இருந்தது. அதன் ஒரு முனை திருப்புளி. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற, ‘ஹெச்’ போட்ட திருகை வலப்பக்கம் ஒரு துளி திருப்பினேன். கடிகார முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவு, அவ்வளவுதான். சோக்கை எடுத்துவிட்டேன். செயின் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தபடி இழுத்தேன். இழுத்தேன். இழுத்தேன். உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் புகையாகக் கக்கியது. இன்னொரு இழுப்பு.

பிடித்துக்கொண்டது!

அந்தச் சத்தத்தை நான் எந்த மேளத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கத்தியது பாருங்கள், கடைவாசலில் கத்தியதைவிட ஒரு பங்கு மேலே. பிரேக்கை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, விட்ட இடத்தில் பாரை வைத்தேன். மரத்தூள் மழையாகக் கொட்டியது. கொப்பு ‘டக்’கென்று கழன்றது, கயிற்றில் ஆடியது, ஓட்டுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. பொன்னி கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். காயும் இலையுமாக முற்றத்தில் அது உட்கார்ந்தபோது, காளியப்பன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

“ஒரு ஓடு நகுரலீங்க! ஒரு ஓடு!”

4. கீழே இறங்கியபின்

இறங்கி வந்தேன். சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. அந்தச் சந்தோஷம் எப்படியோ கோபமாகத்தான் வாயில் வந்தது. பொன்னியின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

“விடுன்னா விட மாட்டியா? ஓட்டுக்காவ உசுர உடுவியா? அவ்வளவு பெருசா அந்த ஓடு?”

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஓட்ட எவனுங்க பாத்தான்?” என்றாள். “அங்க பாருங்க.”

பார்த்தேன். நான் வெட்டிய இடத்துக்கு அடியில் பட்டை பிளந்து, உள்மரமும் வெள்ளையாகக் கிழிந்து, அடிமரத்தில் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. என் இடுப்புக் கயிறு சுற்றியிருந்த தழும்புக்கு ஒரு சாண் மேலே வந்து அது நின்றிருந்தது. மேலே நின்ற எனக்கு அது தெரியவில்லை. கீழே நின்றவளுக்கு ஒவ்வொரு அங்குலமாக அது இறங்குவது தெரிந்திருக்கிறது. கயிற்றை விட்டிருந்தால் கொப்பு முழுக்கனத்தோடு தொங்கி, கிழித்துக்கொண்டே வந்து, என்னை மரத்தோடு சேர்த்து நெரித்திருக்கும்.

“கயித்த உட்டா அது உங்ககிட்டத்தானுங்க வரும். நான் எங்கீங்க ஓடறது?”

நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. காளியப்பன் இருந்தார் என்று மறைக்கவும் இல்லை. அவர் வீட்டில் காபி போட்டுக் கொடுத்தார்கள். பொன்னிக்குக் கைக்கு எண்ணெய் கொடுத்தார்கள்.

மெஷின் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரொப்பித் தூக்கிப் பாருங்கள். நீங்கள் வேலை செய்கிற மலையில் ட்யூன் பண்ணுங்கள். அதே மெஷினை அடிவாரத்துக்கு வேலைக்குக் கொண்டுபோனால் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் பத்தாமல் பிஸ்டன் சூட்டில் இறுகிவிடும். தரையிலேயே ஒரு கட்டையை அறுத்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். கைரம்பம் இடுப்பில் இருக்கட்டும். இதையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்லிக் கொடுப்பான். வெட்டு எங்கே கிழிகிறது என்பது மட்டும் வெட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

காபி குடித்து முடித்ததும் அதே மரத்தில் இன்னும் இரண்டு கொப்பு பாக்கி இருந்தது. பொன்னி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றை எடுத்தாள். நான் காலைத் தூக்கி மரத்தில் வைத்தேன், மறுபடி இறக்கினேன்.

“பொன்னி, எங்க வெட்டட்டும்?”

அவள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டினாள். நான் ஏறிப்போய் அங்கே வெட்டினேன்.