செம்பனின் சொறியும் எங்கள் அஞ்சலையும்

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. அஞ்சலையின் புருஷன் முனியாண்டி அண்ணன் தேயிலை நிரைக்குக் கீழே வந்து நின்றார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் காலையில் கொண்டுபோன கஞ்சித் தூக்கு, மூடி திறக்காமல் அவர் கையில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று வழக்கம்போலச் சத்தம் போட்ட கங்காணியும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலை வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரி நீதானே, கருமாதியில் வாசிக்க நாலு வரி எழுது என்றார்கள். எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம். அதற்குள் அஞ்சலை அடங்க மாட்டாள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பனை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேச முடியாது. தெமோதரையில் ரயில் பாதைக்குக் கல் சுமக்கப் போன அண்ணன், மடியில் கட்டிக்கொண்டு வந்த நாய்க்குட்டி அவன். "கூலி கேட்டதுக்கு குட்டியத் தந்து அனுப்பிட்டானுங்களா?" என்று அன்றைக்கு அவள் கேட்டது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. கேட்டுக்கொண்டே தன் தட்டுச் சோற்றைப் பிசைந்து குட்டி வாயில் வைத்தாள்.

போன ஆடித் திருவிழாவில் செம்பனுக்கு வயிற்றில் சிவப்பாகத் தடித்தது. கரகம் ஊர் சுற்றிய வாரம் அது. அதனால் அம்மை என்றே எல்லோரும் நினைத்தோம். பூசாரியும், "வாயில்லா ஜீவன் மேலயும் ஆத்தா எறங்குவா, எண்ணெய் கிண்ணெய் தொடாதே" என்றார். அஞ்சலை வாசலில் வேப்பிலை செருகினாள். நாயை வேப்பிலையில் படுக்கவைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அடுப்பில் தாளிதம் கிடையாது, கருவாடு கிடையாது.

"நாய்க்கு அம்மை, எனக்குப் பத்தியமா?" என்று அண்ணன் புலம்புவார்.

"பேசாமத் தின்னுங்க. ஆத்தாவுக்குக் கோவம் வந்தா அடுத்தது ஒங்க மேலதான் வருவா."

மூன்று தண்ணீர் ஊற்றியும் இறங்கவில்லை. தடிப்பு முதுகுக்கு ஏறி, மயிர் கொட்டி, தோல் யானைத் தோல் மாதிரி ஆனது. ஒருநாள் அவளே கோயிலடிக்குப் போய்ப் பூசாரியிடம் சொன்னாள்: "சாமி, ஆத்தான்னா வந்த வேலை முடிஞ்சதும் போயிருவா. இது போகல. இது ஆத்தா இல்ல, சொறி." திரும்பி வரும்போது சிரித்தாள். "சாமி பேரச் சொல்லி ஒரு வாயில்லாதத இத்தன நாளு சொறிய விட்டுட்டேன் ராக்கு" என்றாள் என்னிடம். சிரித்த கண்ணில் தண்ணீர் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துத் துரை லயம் பார்க்க வந்தார். கைப்பிரம்பால் செம்பனைக் காட்டி ஏதோ சொன்னார். பெரிய கங்காணி எங்களுக்குச் சொன்னார்: "சொறி நாய் லயத்துல இருக்கக் கூடாதாம். பொங்கலுக்கு முந்தி மறுபடி வருவாரு. அப்பவும் இப்படியே இருந்தா சுட்டுருவாங்க." நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அஞ்சலை மட்டும், "அப்ப இவன் இப்படி இருக்க மாட்டான் ஐயா" என்றாள்.

பதுளைக் கடைவீதியில் மருந்துச் சரக்கு விற்கும் முஸ்லிம் நானா, கந்தகத்தை அரைத்துப் புங்க எண்ணெயில் குழைத்துத் தேய்க்கச் சொன்னார். அவள் மயிருக்கு எதிராக, வேர் வரைக்கும் விரலை விட்டுத் தேய்ப்பாள். நக்கிவிடக் கூடாது என்று, பிய்ந்துபோன கொழுந்துக் கூடையில் அடியை அறுத்துச் செம்பன் கழுத்தில் மாட்டிவிட்டாள். கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு அவன் வாசலில் உட்கார்ந்திருப்பான்.

"என்ன அஞ்சல, நாளைக்கு இவனும் கூடையோட வேலைக்கு, பெரட்டுக்கு வாரானா? கணக்கப்பிள்ளகிட்ட பேர் போடச் சொல்லவா?" என்று மேல் லயத்துப் பெண்கள் கேட்பார்கள்.

"வந்தா ஒங்களவிட நல்லா எடுப்பான். நிரையில நின்னு வாயடிக்க மாட்டான்ல."

மயிர் முளைத்தது. ஐப்பசியில் மறுபடி கொட்டியது. மறுபடி தேய்த்தாள், மறுபடி முளைத்தது, மறுபடி கொட்டியது. கார்த்திகையில் அவளும் நானுமாக நானாவிடம் போய் நின்றோம்.

"மருந்துல கொற இல்ல தங்கச்சி. நாய் எதுல படுக்குது?"

"என் கம்பளியிலதான் நானா. குளிருக்கு வேற எங்க படுப்பான்?"

"அப்ப சொறி கம்பளியில இருக்கு. நீங்க நாயிலருந்து எடுக்கிறீங்க, கம்பளி திரும்பக் குடுக்குது."

வெந்நீரில் போட்டு அலசினாள். கார்த்திகை மழையில் கம்பளி எங்கே காயும்? நாற்றமெடுத்ததுதான் மிச்சம். செம்பன் மறுபடி சொறிந்தான். பிறகு ஒரு காலையில் லயத்துக்குப் பின்னால் புகை. அவள் கம்பளியைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். "பைத்தியமா ஒனக்கு?" என்று கையைப் பிடித்தேன்.

"கம்பளி இல்லாட்டி நனைவேன். இது இருந்தா இவனச் சுடுவானுங்கடி" என்றாள்.

மலையில் நமக்கு மழைக்கு அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? தோட்டத்தில் கம்பளி கொடுப்பது ஆண்டுக்கு ஒரு தடவை. அண்ணன் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள் தலையில் போட்டார். "ரோட்டு வேலையில நாள் முச்சூடும் நிக்கிறவரு நீங்க" என்று அவர் தோளிலேயே திருப்பிப் போட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு என் கம்பளிக்குள் நாங்கள் இருவரும் நடந்து போவோம். பேர் கூப்பிட்டதும் எனக்கு ஒரு நிரை, அவளுக்கு ஒரு நிரை. அவள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொழுந்து எடுத்தாள். மார்கழி முழுக்க மழை விடவில்லை.

பொங்கலுக்கு லயத்தை வெள்ளையடித்து முடித்ததும் துரை வந்தார். செம்பன் முதுகில் புதுமயிர் பூனை மயிர் மாதிரி மினுங்கியது. துரை பார்த்தார், பிரம்பைத் தூக்காமல் அடுத்த வாசலுக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததும் அஞ்சலை சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி நிற்கவே இல்லை. பொங்கலுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனார்கள்.

நாய் தின்ற உயிர் என்று நம் லயத்தில் பேசிக்கொள்கிறீர்கள். நானும் அழுகையில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளை அறிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். நாயா அவளைக் கேட்டது? அவளாகத் தீ வைத்தாள். எது போகும், எது நிற்கும் என்று தெரிந்துதான் வைத்தாள். அவளை ஏமாந்தவள் ஆக்காதீர்கள்.

பால் தெளித்த அன்று அண்ணன், "இவன் என் கண்ணு முன்னால இருக்க வேணாம் தங்கச்சி" என்றார். நான் செம்பனை என் வாசலுக்குக் கூட்டிவந்தேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. போன வாரம் செம்பன் காதோரம் சொறிய ஆரம்பித்தான். மயிர் கொட்டிய இடம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நேற்று பதுளைக்குப் போய்வந்தவர், என் வாசலில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். கந்தகம்.

அம்மியில் வைத்து அரைத்தேன். எண்ணெயில் குழைத்து, மயிருக்கு எதிராக, வேர் வரைக்கும் விரலை விட்டுத் தேய்த்தேன். செம்பன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த வேலை. இதை நான் விடமாட்டேன்.