அக்கா தியேட்டருக்குப் போன வழி

சொந்த அக்காவைப் பச்சைப் புள்ளி என்று நம்பியவன் நான். கல்லூரியில் கணினி சொல்லித்தருகிற உத்தியோகம் என்பதால், அறியாமை என்று தப்பிக்கவும் வழியில்லை.

கோயமுத்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் சித்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளை வார்டிலிருந்து ஸ்கேனுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் கொண்டுபோவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்றார்கள். நான் ஆஸ்பத்திரியையே கணினிக்குள் கட்டினேன். வராந்தா, லிஃப்ட், ட்ராலி, தள்ளுகிறவர் எல்லாம் உண்டு. நோயாளிகள் பச்சைப் புள்ளிகள். திரையில் ஓடவிட்டுப் பார்த்து, ட்ராலிகளை எங்கே நிறுத்துவது, எந்த லிஃப்டை ஒதுக்குவது என்று திட்டம் கொடுத்தேன். புள்ளிகள் எறும்பைவிட ஒழுங்காகப் போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திட்டம் நடைமுறைக்கு வந்த வாரமே, எங்கள் ஊர் எருத்தேன்பதியில் அக்கா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவை செய்யும் டாக்டர் கோயமுத்தூரிலிருந்து வருகிறவர். மதியம் கிளம்பிவிடுவார், தவறவிட்டால் அடுத்த வாரம்தான். அதுவரை அக்கா வலியோடு கிடக்க வேண்டும்.

"ஒரு காப்பி குடிக்கற நேரந்தான்க்கா, தியேட்டர் போயிரலாம்" என்றேன்.

ட்ராலி வார்டு வாசலைத் தாண்டவில்லை. "கொஞ்சம் நில்லுங்க தம்பி," என்றாள் அக்கா தள்ளுகிறவரிடம். கடைசிக் கட்டிலில் தெரிந்த பெரியவர். "ஏனுங்க மாமா, சக்கரை கொறைஞ்சுதுங்களா?" மாமா சென்ற தீபாவளியிலிருந்து ஆரம்பித்தார். வராந்தாவில் சம்பந்தி வீட்டார். லிஃப்ட் வாசலருகே முதலமடை மாந்தோப்புக்காரம்மா. எங்கள் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் தெரிந்தவரைக் கண்டும் விசாரிக்காமல் போனால் அடுத்து வரும் கல்யாணங்களிலெல்லாம் அதுதான் பேச்சு. இடுப்பு முறிந்தவளுக்கும் விலக்குக் கிடையாது. பச்சைப் புள்ளிக்கு நான் வாய் படைத்திருக்கவில்லை. லிஃப்ட் என் திட்டப்படியே வந்தது, நின்றது, போய்விட்டது.

டாக்டர் கேட்கிறார் என்று நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

"போதும்க்கா, நேரமாச்சு!"

"இரு கண்ணு. மாந்தோப்பம்மாளப் பாத்தும் பாக்காத மாதிரிப் போனா நல்லாருக்குமா?"

நான் போர்வையை இழுத்து அவள் முகத்தையும் மூடினேன். "குளுரும்க்கா" என்றேன்.

வராந்தா சட்டென்று அடங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். லிஃப்டிலிருந்தவர்கள் இறங்கி வழிவிட்டார்கள். தூரத்திலிருந்து எங்களைப் பார்த்த மாந்தோப்பம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்தாள்.

போர்வைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்: "யாரு கண்ணு அழுவறது? பாவம், என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்."

"தள்ளுங்கண்ணா!" என்றேன்.

டாக்டர் கிளம்பவில்லை. அறுவை நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் எருத்தேன்பதியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் மாலைகளோடு வந்து இறங்கி, கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, லிஃப்ட், நேரம், புள்ளி என்று என் தரப்பை விளக்கினேன். சின்ன வயதிலிருந்து எனக்கென்றே வைத்திருக்கும் பொறுமையோடு அக்காவும் கேட்டாள்.

"இதுக்கா மொகத்த மூடுன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தூங்கற மாதிரி கெடந்திருப்பனே கண்ணு. தூங்கறவளப் போயி யாரு தப்பா நெனைக்கறாங்க?"