மெரினாவில் மச்சான் இழுத்த கயிறு

மச்சானுக்கு அவன் மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அவன் நடந்து நான் பார்த்ததில்லை. மெரினாவில் இறங்கியதும் கழற்றி, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, வஞ்சிர மீனைத் தூக்கிப் போகிறவன் மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொள்வான். கடலோரத்தில் வெறுங்கையோடு நடந்து அவனுக்குப் பழக்கமில்லை.

மச்சான் என்றால் என் பெண்சாதியின் தம்பி. இப்போது அவன் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் குப்பத்தில் சொந்தமாக ஒரு பைபர் படகு, எங்கள் பேச்சில் போட்டு, வைத்திருந்தான். நான் காசிமேட்டில் மீன்பாடி வண்டி மிதித்தவன். அவன் பிடித்ததை நான் ஏற்றிப் போவேன், கடலோடு எனக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்குத் தலை சுற்றும். எங்கள் கல்யாணத்தின்போதே அவன் இதைச் சொல்லிச் சிரித்தான். அது வேறு கதை.

அவனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஏதோ வைத்துத் தைத்தார்கள். தினமும் நடக்கணும், கனம் எதையும் தொடக்கூடாது, உடம்பு தேறினால் கடலுக்குப் போவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். மகள் அதோடு விடவில்லை. மீறினால் போட்டை விற்றுவிடுவேன் என்று சொல்லி, அதை வாங்க நெட்டுக்குப்பத்தில் ஒரு ஆளையும் பேசி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் தண்ணீர்க் குடத்தைக்கூட ஒதுங்கி நின்றுதான் பார்த்தான். அவனைக் காவல் காக்கிற வேலை எனக்கு.

எங்கள் கரையில் நடக்க இடமேது? கடல் ஊருக்குள் வருகிறதென்று பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நண்டு நடக்கலாம். அதனால்தான் பஸ் ஏறி மெரினா. கடலோரத்தில் பிறந்தவன் டிக்கெட் எடுத்துக் கடலுக்குப் போகிறான் என்று தெருவே சிரித்தது.

முதல் நாள் நடைபாதையில் கையை வீசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "இவங்கல்லாம் எங்க மாமு போறாங்க?" என்றான்.

"எங்கயும் போல. சொம்மா நடக்கறாங்க."

"அப்பால?"

"அப்பால திரும்பி வருவாங்க."

அவர்களுக்காக அவன் ரொம்ப வருத்தப்பட்டான்.

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்டல் வாங்கலாமென்று நான் இந்தப் பக்கம் திரும்பினேன். அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டான். மணலில் நீலச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தடிக் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து நின்றார்கள். கயிற்றின் மறுமுனை ஐஸ் வண்டிகளுக்குப் பின்னால், கடல் பக்கமாகப் போயிருந்தது. கடல்தான் அவர்களை இழுத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் கரைவலை இழுத்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு இழுக்கிறதைப் பார்த்தும் கை வைக்காமல் போகிறவன் மனுஷனே இல்லை. கை வைத்தவன் யாரானாலும் மீனில் அவனுக்கும் ஒரு கூறு. மச்சான் ஷூவை எறிந்துவிட்டு ஓடினான். நான் சுண்டலோடு பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் கடைசி ஆளாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். நீலச் சட்டைக்காரர்களும் அவன் குரலுக்கு இழுத்தார்கள். மூன்றாம் குரலுக்கு ஐஸ் வண்டிகளுக்குப் பின்னாலிருந்து தொபதொபவென்று சத்தம்.

மச்சான் கயிற்றைப் பிடித்தபடியே வலையைத் தேடிப் போனான். அங்கே மஞ்சள் சட்டையில் ஒரு கூட்டம் மணலைக் கவ்விக் கிடந்தது. ஏதோ கம்பெனிக்காரர்கள், லீவு நாளில் கயிறிழுக்கும் போட்டி விளையாட வந்தவர்கள். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அவர்களுடைய மேனேஜரிடம் போய்க் குனிந்து கேட்டான்.

"மடி எங்கப்பா?"

வலையில் மீன் சேருகிற பைக்கு மடி என்று பெயர். அந்த ஆள் முழித்தான். மச்சான் கயிற்றின் நுனியைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா நைனா, வெறுங்கயித்தயா இழுத்துகினு கீறீங்க?"

அவர்கள் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். அவன் சிரிக்கவில்லை. கூறுக்காக நின்றான். கடைசியில் ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அதுவும் டாக்டர் வேண்டாமென்றதுதான். பஸ்ஸில் நான் தின்றேன்.

நாங்கள் வீடு சேருவதற்குள் அங்கே யாரோ எடுத்த வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. மகள் போனோடு வாசலில் நின்றாள். மச்சான் தன் போட்டு நிற்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் அவனை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் வீடியோவைக் காட்டினாள். டாக்டர் முதலில் திட்டினார். அப்புறம் எல்லாப் பரிசோதனையும் செய்தார். வயசுப் பையன்களெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க இவன் மட்டும் மடி எங்கே என்று கேட்கிற இடத்தை மறுபடி போடச் சொன்னார். கடலுக்குப் போகட்டும், ஆனால் கயிற்றைத் தொடக்கூடாது, கூட ஒரு ஆள் இருக்கணும் என்று முடித்தார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "பீச்சுக்கு நீதான இட்டுகினு போன மாமா? கடலுக்கும் நீயே இட்டுகினு போ."

அப்படித்தான் தாத்தாவாகிற வயசில் முதல் தடவையாக நான் போட்டில் ஏறினேன். கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பலகையில் சுருண்டு விழுந்தவனை, கனம் தொடக்கூடாத மச்சான் அக்குளில் கை கொடுத்துக் குழந்தை மாதிரி அலாக்காகத் தூக்கி, ஓரத்தில் சாய்த்து, முகம் கழுவிவிட்டான்.

கரைக்கு வந்ததும் அப்பா எதையாவது தூக்கினாரா என்று மகள் கேட்டாள். மீன்கூடையைக்கூடத் தொடவில்லை என்றேன். அது சத்தியம்.