சித்தி ஏறிப்போன காலிப் பெட்டி

எங்கள் சித்தி ரயில் பெட்டியில் தூங்கிப்போய் மெட்ராஸ் போகிற வழியில் பாதி தூரம் போன கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சித்தியும் சிரிப்பாள். நானும் பல வருடம் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மாவும் அவளுடைய தங்கையான சித்தியும் கோயமுத்தூர் ஸ்டேஷனை ஒட்டிய யார்டில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உக்கடத்தில் எங்கள் வீடு. பள்ளி விடுமுறை நாட்களிலும், அரை நாள் பள்ளி நாட்களிலும் என்னையும் கூட்டிப்போவார்கள். தண்டவாளம் தாண்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு மேஸ்திரி என்னை விட்டுவைத்திருந்தார்.

ரயில் பெட்டிக்கும் வைத்தியம் உண்டு என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். குறிப்பிட்ட காலம் ஓடிய பெட்டியைப் பெரிய பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே பெட்டியைச் சக்கரங்களிலிருந்து தனியே தூக்கி, துருவைச் சுரண்டி, சீட்டுகளைக் கழற்றி மாட்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். எங்கள் யார்டில் ஒரு பெட்டிக்கு அந்த முறை வந்துவிட்டால் அதை மட்டும் கழற்றிக் கடைசித் தண்டவாளத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு சிக் லைன் என்று பெயர். மெட்ராஸ் பக்கம் போகிற ஏதாவது ஒரு வண்டியின் வாலில் மாட்டும் வரைக்கும் அது அங்கேயே நிற்கும். மாட்டுகிற நாளில் ஷட்டர்களையெல்லாம் இறக்கி, கதவுகளுக்கு உள்ளே தாழ் போட்டு, கடைசிக் கதவை மட்டும் வெளியே பூட்டி, ஆளில்லாமல் அனுப்புவார்கள். ஷட்டர் இறக்குவதும் தாழ் போடுவதும் யார்டுப் பெண்களின் வேலை.

அப்படிக் காத்து நிற்கும் பெட்டிதான் அந்தப் பெண்களுக்கு ஒரு வீடு மாதிரி. அதில்தான் சேலை மாற்றுவார்கள், சோறு உண்பார்கள், மேல் பெர்த்தில் கொஞ்ச நேரம் கண் அசருவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இன்று பீளமேட்டில் ஒரு அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் என் முதல் படிப்பறை ஓடாத ஒரு ரயில் பெட்டி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அந்தச் சமயத்தில் சித்திக்கு ஒரு வரன் வந்திருந்தது. எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தேடிப் பிடித்து வந்தது. மாப்பிள்ளை தாராபுரம். வெங்காய வியாபாரம், சொந்த வீடு, குடி கிடையாது. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை. சனிக்கிழமை சாயங்காலம், பொழுதோடு அவர்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கம் அது பாதிக் கல்யாணம். அப்புறம் மாற்றிப் பேச வாய் வராது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், சிக் லைனில் நின்ற பெட்டியின் வெளிப்பக்கம் சாக்பீஸால் எதையோ எழுதியிருந்தார்கள். சித்தி வாளியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, அதுல என்ன எழுதியிருக்குது?”

எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். “மெட்ராஸுக்குங் சித்தி. சனிக்கெழம போகுது.”

“மத்தியான வண்டிலயா?”

“அது எழுதலைங்.”

மேஸ்திரியைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். என்னைக் கேட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று திரும்பியபோது, “உங்கம்மாக்கு வேல கெடக்குது, விடு” என்று சித்தி தடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்னாள்.

“இன்னிக்குமா சோப்புத் தண்ணில நிக்கோணும்? மொகம் கறுத்துப்போயிரும் அம்மணி.”

“ஊட்ல உக்காந்து என்னங்க்கா பண்றது. மத்தியானமே வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுச் சித்தி எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் அவளைக் காணவில்லை. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அம்மா நினைத்தாள். வீட்டில் இருந்த மாமாவோ அவள் அம்மாவோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேசரிக்கு முந்திரி பற்றவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

மாமாவின் திறமையை அன்றுதான் பார்த்தேன். முதலில் பெண் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். கேசரி முடிந்ததும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். காப்பி முடிந்தபோது அவருக்குப் பெண்ணை அனுப்ப வேறு இடம் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. அது பழைய போன். ஸ்பீக்கரில் போட்டால்தான் காதில் விழும். வீடு முழுவதும் சித்தியின் குரல் கேட்டது.

“அக்கா, நான் ஜோலார்பேட்டைல இருக்கறனுங்க்கா. சிக் லைன் பொட்டில தூங்கிப்போட்டேன். இப்பத்தான் முழிச்சுப் பாத்து எறங்குனேன். ரயில்வேக்காரரு ஒருத்தரு போன் குடுத்தாருங்க.”

மாப்பிள்ளையின் அத்தை பூத் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“தூக்கத்துலயே ஜோலார்பேட்டை வரைக்கும் போற புள்ளைய நாங்க தாராபுரத்துல எப்படிங்க கட்டிக் காக்கறது?”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் சித்தி வந்து சேர்ந்தாள். குளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னை உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். மாமா அவள் எதிரில் நாற்காலியைப் போட்டார்.

“நெசமாலுமே தூங்கிப்போட்டயா? இல்ல, தெரிஞ்சே ஏறுனயா?”

அம்மா சமையலறையிலிருந்தே பாய்ந்தாள். “அவளுக்கு எப்படீங்ண்ணா தெரியும்? அந்தப் பொட்டி எங்க போகுது, எப்பப் போகுதுன்னு அத்தனையும் இங்கிலீசுல எழுதிவெச்சிருக்காங்க. இவ தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பா.”

எனக்கு வாய் துறுதுறுத்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதை எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று வருத்தம். “நான்தா...” என்று தலையை நிமிர்த்தினேன். சித்தி பின்னலை ஒரு இழு இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“தலைய ஆட்டாத கண்ணு. பின்னல் கோணிக்கும்” என்றாள்.

தலையை ஆட்டியதற்குத்தான் அந்த இழுப்பு என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்தேன். மாமா நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலை வாசலில் சித்தி பாத்திரம் தேய்க்க, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“தனியா பயமா இல்லயாங் சித்தி?”

“இருட்டுக்கென்ன பயம். ஷட்டரெல்லாம் நாந்தான எறக்குனேன்.” கொஞ்ச நேரம் தேய்த்தாள். “ஈரோட்டுலதான் மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. முன்னால பொட்டியெல்லாம் ஒரே கூட்டமாட்ட இருக்குது. இது காலிப் பொட்டின்னு ஓடியாந்து தட்டறாங்க. ஒரு பொம்பள, கைக்கொழந்தை போல, அது வீல்னு கத்துது. உள்ள ஆரிருந்தாலும் தொறங்க, புள்ளைய வெச்சிருக்கறேன்னு தட்டிக்கிட்டே நின்னா. நான் மேல் பெர்த்துல வாயப் பொத்திட்டுப் படுத்துக்கிட்டேன்.”

“பாவம். தொறந்திருக்கலாமில்லீங்.”

“தொறந்திருந்தா என்னையும்தான் எறக்கி உட்டிருப்பாங்க. ஈரோட்டுல எறங்குனா பொழுதோட ஊடு வந்து சேந்திருப்பேன் கண்ணு.”

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சேர்வது நல்லதுதானே என்று மட்டும் எனக்குப் பட்டது. என் கவலையெல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

“அவங்களுக்கு வேற பொட்டில எடம் கெடச்சிருக்குமாங் சித்தி?”

“கெடச்சிருக்கும்” என்றாள். தேய்த்த குண்டாவையே மறுபடியும் தேய்த்தாள். பிறகு கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “கெடச்சிருக்குமில்ல?”

படிக்கிற பெண் என்பதால் என்னைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “கெடச்சிருக்குங் சித்தி” என்று, எல்லாம் தெரிந்தவளைப் போலச் சொன்னேன்.