கரண்டு அண்ணன் கைப்பிடியை இறக்கிய நாள்

கேபிள் நிலையத்தில் எல்லோரும் அவரைக் கரண்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்கு அடியில் பக்கத்து நாடு வரைக்கும் ஓடுகிற தொலைபேசிக் கேபிளுக்கு மின்சாரம் கொடுக்கும் அறை இருபத்திரண்டு வருஷமாக அவர் பொறுப்பில் இருந்தது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தண்ணீர் பாட்டிலோடு அறைக்குள் நுழைந்த மேலதிகாரியையே சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியவர். வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்த அறையில் இருந்த மின் இயந்திரத்தின் குணம் வேறு யாருக்கும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேபிளுக்குள் பேச்செல்லாம் ஒளியாகப் போகிறது. போகப் போக மங்குகிற ஒளியைத் தூக்கிவிட நடுக்கடலில் கருவிகள் உண்டு. அவற்றுக்கான மின்சாரம், ஆறாயிரம் வோல்ட், இரண்டு கரையிலிருந்தும் போகும். ஒரு கரை நிறுத்தினால் மறு கரை முழுச் சுமையையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே கேபிளில் கை வைப்பதென்றால் இரண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். அதற்கென்றே அதே கேபிளில் ஒரு தனித் தொலைபேசி. இரண்டு பக்கத்து ஆட்களும் மாற்றி மாற்றி மூன்று தடவை "நிறுத்துறேன்" என்று சொன்ன பிறகுதான் கைப்பிடியை இறக்கலாம். மின்சாரம் போனதும் அந்தத் தொலைபேசியும் செத்துவிடும்.

அந்தக் கரையில் இதே வேலையில் இருந்த பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. பதினொரு வருஷமாகக் குரல் மட்டும்தான். அவள் அண்ணா என்பாள், இவர் தங்கச்சி என்பார்.

வீட்டில் மனைவியோடு மைத்துனனும் இருந்தான். தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையை மனைவி இடுப்பில் தூக்கிக்கொண்டே புகுந்த வீட்டுக்கு வந்தாள். "எனக்கு வந்த சீதனமே இவன்தான்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சைக்கிள் பழக்கியதும் லாரி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய கோபத்தையும் அவன் அப்படியே பழகிக்கொண்டான்.

பக்கத்து நாட்டுக் கடற்படை ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. ஆறு பிணங்கள் கரைக்கு வந்தன. அதில் இரண்டு பேர் மைத்துனனின் உயிர்க் கூட்டாளிகள். மூன்றாம் நாள் காலையில், கொன்றவனோடு நமக்கு என்ன பேச்சு, கேபிளை வெட்டு என்று முந்நூறு பேர் கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் காவலாளி ஒற்றை ஆளாக நின்றார். பதினெட்டு வருஷம் கரண்டு அண்ணனோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் இரும்புக் குழாய் ஒன்று அவர் மண்டையில் விழுந்தது. அறைக்குள் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு, குழாயைப் பிடித்திருந்த கை நன்றாகத் தெரிந்தது. மைத்துனன் கை. கீழே விழுந்தவரை மற்றவர்கள் மிதித்தார்கள். அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அப்புறம் அசையவில்லை.

அண்ணன் பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினார். வெளியே யாரோ கதவுப் பிடியில் கம்பியைச் செருகிவிட்டிருந்தார்கள். கதவை உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

விளக்குகள் அணைந்தன. டிரான்ஸ்ஃபார்மரை நொறுக்கிவிட்டார்கள். இயந்திரம் ஒரு நொடி முனகிவிட்டு பேட்டரிக்கு மாறியது; கேமராத் திரையும் அதோடு உயிர் பெற்றது. திரையில் கூட்டம் கடற்கரைக்கு நகர்ந்தது. அங்கே மணலுக்குள் கேபிள் ஏறி வருகிற குழி. கான்கிரீட் மூடியை நெம்பித் தள்ளினார்கள். மைத்துனன் கோடாரியோடு உள்ளே இறங்கினான்.

முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், பிறகுதான் கேபிள் என்று சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை அவர்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். பயல் அதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறான்; டிரான்ஸ்ஃபார்மரை உடைத்தால் போதும் என்று நினைத்துவிட்டான்.

கைப்பேசியில் கூப்பிட்டார். மைத்துனன் குழிக்குள் நின்றபடி தன் கைப்பேசியை எடுத்து, பெயரைப் பார்த்து, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாகட்டும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன், கொஞ்ச நேரம் அவர் கையைக் கட்டிக்கொண்டேதான் நின்றார். அப்புறம் தனித் தொலைபேசியை எடுத்தார்.

"தங்கச்சி, நிறுத்து. உடனே நிறுத்து."

"என்னண்ணா ஆச்சு? மேலிடத்து உத்தரவு இல்லாம இன்னிக்கு நிறுத்தக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. என் வேலையே போயிடும்."

"குழிக்குள்ள ஆள் நிக்கிறான். வெட்டப் போறான்."

"உங்களுக்கு வேண்டியவனா?"

"நான் வளர்த்த புள்ள. இப்பத்தான் என் கண்ணெதிர்ல எங்க காவலாளியை அடிச்சுக் கொன்னான்."

"அவனுக்காகவா கேக்கறீங்க?" என்றாள்.

"அவனுக்காகத்தான். நிறுத்துறேன்."

"நிறுத்துறேன்ணா."

"நிறுத்துறேன்."

"நிறுத்துறேன்."

"நிறுத்துறேன்" என்று மூன்றாவது தடவையும் சொல்லிக் கைப்பிடியை இறக்கினார். அவள் பதில் வரவில்லை. மீட்டரைப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் இறங்காத முள் சரசரவென்று இறங்கி பூஜ்ஜியத்தில் படுத்தது. திரையில் கோடாரி மேலே போய்க் கீழே வந்தது.

கால் மணி நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு கூட்டத்தோடு மைத்துனன் வந்தான். தோளில் கேபிள் துண்டு, சட்டையெல்லாம் காவலாளியின் ரத்தம், முகம் கொள்ளாத சிரிப்பு. "பாத்தியா மாமா, ஷாக்கே அடிக்கல! இத்தனை வருஷமா சும்மா பூச்சாண்டி காட்டியிருக்கே!"

அண்ணன் அவன் வாயிலேயே குத்தினார். பல் ஒன்று தெறித்து இயந்திரத்தின் மேல் விழுந்தது. கூட்டம் பாய்ந்து அவர் வலது கையை இரண்டு இடத்தில் முறித்தது. "விடுங்கடா, எங்க மாமாடா" என்று கத்திக்கொண்டே அவர் மேல் விழுந்து மறைத்தவனும் மைத்துனன்தான்.

மறுநாள் போலீஸ் கேட்பதற்கு முன்பே, இடது கையால் கேமராப் பதிவை எடுத்துக் கொடுத்தார். கோர்ட்டிலும் விரலை நீட்டிக் காட்டினார். மைத்துனனுக்கு ஆயுள் தண்டனை. மனைவி அன்றிலிருந்து நேரத்துக்குச் சோறு போடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை.

ஐந்து மாதம் கழித்துக் கேபிளை ஒட்டினார்கள். மின்சாரம் ஏறிய அன்றைக்கே தனித் தொலைபேசி அடித்தது.

"அண்ணா, மூணாவது தடவை சொல்றதுக்குள்ள கைப்பிடியை இறக்கிட்டேன். பயமா இருந்துச்சு. அந்தப் புள்ள பிழைச்சானா?"

"பிழைச்சான். உள்ள இருக்கான்."

"யாரு பிடிச்சுக் கொடுத்தது?"

"நான்தான்."

சத்தமே இல்லை. கேபிள் மறுபடியும் போய்விட்டதோ என்று அவர் பதறி மீட்டரைப் பார்த்தார். முள் அதன் இடத்தில்தான் நின்றது. காதை அழுத்திக் கேட்டார். அந்தக் கரையில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.